பழைய பேப்பர் லாரியும் ஒரு பெட்டி இதழ்களும்



சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் தாமானுக்குள் ஒலிபெருக்கி கட்டிய சிறு லாரி ஒன்று மெல்ல ஊர்ந்து வரும். "பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா" என்னும் அந்தக் குரலைக் கேட்காத மலேசியர் இருக்க முடியாது. 1994 ஆம் ஆண்டில் ஒரு நாள், ஓர் அட்டைப்பெட்டி நிறைய இதழ்களை அந்த லாரிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தவன் நான். அவை என்னுடையவை அல்ல, என் தம்பியுடையவை. அவன் படிப்பின் பொருட்டு வெளியூரில் இருந்தான். நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தோம். பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வீடியோ கேம் எனப்படும் கணினி விளையாட்டுகளைப் பற்றிய ஆங்கில மாத இதழ்கள். 'விளையாட்டுப் புத்தகம்தானே' என்று எண்ணினேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. பாடநூலும் இலக்கியமும் தவிர்த்த அச்சுத்தாள் அனைத்தும் குப்பை என்னும் இறுமாப்பு அப்போது எனக்கு இருந்தது.

அப்பெட்டியில் 1985 ஆம் ஆண்டு இதழ் ஒன்று இருந்தது. அதன் வாசகர் கடிதப் பகுதியில் என் தம்பி பதின்மூன்று வயதில் எழுதிய நான்கு வரிக் கடிதம் அச்சாகியிருந்தது. அவ்விதழ் வெளியிட்ட கணினி நிரல் ஒன்றில் ஒரு வரி தவறு என்று சுட்டிக்காட்டி, விமான அஞ்சலில் இங்கிலாந்துக்கு எழுதியிருந்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அச்சில் வந்த பெயர் அதுதான். இதெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. அவன் சினம் கொள்ளவில்லை. "பரவாயில்லண்ணே" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு சொல் முப்பது ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இன்று இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்த உறுத்தலே காரணம்.

இவை வெறும் விளையாட்டுப் புத்தகங்களா?

அல்ல என்பதை நான் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டேன். இங்கிலாந்தில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' இதழ் 1981 நவம்பரில் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 'எலக்ட்ரானிக் கேம்ஸ்' வெளிவந்தது. ஜப்பானில் 1986 இல் தோன்றிய 'ஃபமிட்சு' இதழில், ஒரு விளையாட்டை நால்வர் ஆடிப் பார்த்து ஆளுக்குப் பத்துப் புள்ளிக்கு மதிப்பிடுவர். நாற்பதுக்கு நாற்பது முதன்முதலாக வழங்கப்பட்டது 1998 இல்தான். ஒரு கலை பிறந்து வளர்வதை மாதந்தோறும், வாரந்தோறும் பதிவு செய்த நாட்குறிப்புகள் இவை.

ஆசிரியன் என்ற முறையில் என்னைப் பெரிதும் ஈர்த்தது 'கிராஷ்' இதழின் வரலாறு. இங்கிலாந்தின் லட்லோ என்னும் சிறிய சந்தை நகரிலிருந்து 1984 இல் வெளிவரத் தொடங்கிய இதழ் அது. ஸ்பெக்ட்ரம் என்னும் மலிவு விலைக் கணினிக்கான விளையாட்டுகளை மட்டுமே அது மதிப்பிட்டது. மதிப்பீடு செய்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள்! ஒரே விளையாட்டைப் பற்றி மூவர் தத்தம் கருத்தைத் தனித்தனியே கூறுவர். ஒருவர் புகழ்வதை மற்றொருவர் மறுப்பார். 1986 இல் அதன் விற்பனை ஒரு லட்சம் படிகளைத் தாண்டியது. அட்டையில் ஆலிவர் ஃபிரே வரைந்த ஓவியங்களுக்காகவே இன்றும் அவ்விதழைத் தேடுவோர் உள்ளனர். ஏரணத்தோடு கருத்துரைக்க மாணவனுக்குக் கற்றுத் தாருங்கள் என்று நமக்குப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்களே, அதை ஒரு விளையாட்டு இதழ் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது.

அக்கால இதழ்களில் நிரல்களும் அச்சாகும். பக்கம் பக்கமாக நீளும் பேசிக் மொழி வரிகளை வாசகரே தட்டச்சு செய்து விளையாட்டை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் இயங்காது. பிழை அச்சிலேயே இருந்தால் அடுத்த மாத இதழில் திருத்தம் வரும். என் தம்பியிடம் கணினி இல்லை. பக்கத்து வீட்டு நண்பனிடம் இருந்தது. கடைக்கு இரண்டு மூன்று மாதம் தாமதமாக வரும் இதழை வாங்கி, தான் ஒருபோதும் ஆட முடியாத விளையாட்டுகளைப் படித்தே அறிந்துகொண்டான். அவனுக்கு அவ்விதழ்கள்தாம் விளையாட்டு.

ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் கதை

இவ்விதழ்கள் ஏன் காக்கப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். மொழியாசிரியர்களுக்கு இது சுவையாக இருக்கும்.

1991 இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதில் ரியூ என்னும் வீரன் வென்றபின் ஒரு வாசகம் தோன்றும். ஜப்பானிய மூலத்தில் அது 'ஷோர்யூகென்' என்னும் அவனது குத்துமுறையைக் குறித்தது. 'எழும் டிராகனின் குத்து' என்பது அதன் பொருள். அச்சொல்லின் முதலிரு எழுத்துகளைச் சீன முறையில் ஒலித்தால் 'ஷெங் லாங்' என்று வரும். ஆங்கிலப் பதிப்பில், 'ஷெங் லாங்கை வென்றால்தான் உனக்கு வாய்ப்பு' என்னும் பொருள்பட வாசகம் அமைந்துவிட்டது. குத்துமுறை ஓர் ஆளாகிவிட்டது! யார் அந்த ஷெங் லாங் என்று ஆடுவோர் தேடத் தொடங்கினர்.

1992 ஏப்ரலில் அமெரிக்க இதழான 'எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி', ஷெங் லாங்கைச் சந்திக்கும் வழி என்று ஒரு செய்முறையைப் படத்தோடு வெளியிட்டது. அது முட்டாள்கள் தினக் குறும்பு. வேறு இதழ்கள் அதை உண்மையென நம்பி எடுத்து வெளியிட்டன. குறும்பு என்று அவ்விதழ் பிறகு ஒப்புக்கொண்டது. 1994 இல் அவ்விளையாட்டின் ஒரு புதுப் பதிப்பில், அகூமா என்னும் மறைந்திருக்கும் எதிரி வந்தான். அவன் பிறப்புக்கு இவ்வதந்தியே தூண்டுதல் என்பது பரவலான கருத்து.

ஒரு பிழை வதந்தியாகி, வதந்தி குறும்பாகி, குறும்பு மெய்ப்பாத்திரமாகிய இவ்வரலாற்றை எங்கே படிப்பது? விளையாட்டை ஆடினால் இது தெரியாது. அன்றைய இதழ்களை வரிசையாகப் புரட்டினால்தான் தெரியும்.

சேர்ப்போர் இரு வகையினர்

இவ்விதழ்களைச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். விடுபட்ட எண்ணைப் பல ஆண்டுகள் தேடுகின்றனர். நடுப்பக்கச் சுவரொட்டி கிழிபடாமல் இருக்கிறதா, அட்டையோடு வந்த ஒலிநாடாவோ வட்டோ உள்ளதா என்று ஆராய்கின்றனர். அவர்களுள் இரு வகையினரைக் காண்கிறேன்.

முதல் வகையினர் இதழைப் பூட்டுகின்றனர். பழைய நகைச்சித்திர இதழ்களுக்குப் புள்ளியிட்டு, திறக்கவியலாத நெகிழிப் பேழைக்குள் அடைத்துத் தரும் வழக்கம் முன்பே உண்டு. அது இப்போது விளையாட்டு இதழ்களையும் தொட்டுவிட்டது. 2021 ஜூலையில் 'சூப்பர் மாரியோ 64' விளையாட்டின் பிரிக்கப்படாத படி ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. இத்தகைய செய்திகள், பழைய தாளும் பணமாகும் என்னும் ஆசையைக் கிளப்பிவிட்டன.

இரண்டாம் வகையினர் இதழைத் திறக்கின்றனர். கம்பித் தைப்பாயின் கம்பியைக் கழற்றுகின்றனர். முதுகு ஒட்டப்பட்டதாயின் பசையை இளக்கியோ, முதுகையே வெட்டியோ பக்கங்களைத் தனித்தாள்களாக்குகின்றனர். பின்னர் வருடி எனும் ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாக இட்டுப் படியெடுக்கின்றனர். அச்சுப் புள்ளிகள் திரையில் அலையலையாகத் தெரியாதபடி சீர்செய்கின்றனர். ஓர் இதழுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஊதியம் இல்லை. விலையுயர்ந்த இதழை வெட்டிவிட்டாயே என்னும் வசைதான் மிச்சம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்விரு வகையினரில் நம் நன்றிக்கு உரியவர் இரண்டாமவரே. படிக்க முடியாத இதழ், இதழ் அன்று. அது ஒரு பொருள், அவ்வளவே.

"மூலப்படி அழியலாமா?" என்று கேட்பீர்கள். அழியக்கூடாது. படிமம் தாளுக்கு ஈடாகாது என்பதை நானும் ஏற்கிறேன். தாளின் தடிப்பும் மையின் நிறமும் திரையில் வாரா. ஓர் எண்ணின் ஒரே ஒரு படிதான் எஞ்சியிருக்கிறது என்றால், அதை வெட்டுவது குற்றம். ஆனால் 'நிண்டெண்டோ பவர்' இதழின் 1988 முதல் எண் போன்றவை அப்படிப்பட்டவை அல்ல. அது ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு இலவசமாகவே அனுப்பப்பட்டது. ஏராளமான படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பிரித்தால் உலகம் இழப்பது ஒன்றுமில்லை, பெறுவதோ மிகுதி. தாளும் காத்திருக்காது. மலிவுத் தாள் தானே மஞ்சளித்து நொறுங்கும். நம் நாட்டின் ஈரக்காற்றும் பூசணமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

உரிமை யாருக்கு?

சட்டம் குறுக்கே நிற்பதும் உண்மை. 'நிண்டெண்டோ பவர்' 1988 முதல் 2012 வரை வெளிவந்தது. அதன் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றப்பட்டபோது, உரிமையாளரான நிண்டெண்டோ நிறுவனத்தின் எதிர்ப்பால் 2016 இல் அவை அகற்றப்பட்டன. பதிப்புரிமையை நான் மதிக்கிறேன். எழுதியவனுக்கும் வரைந்தவனுக்கும் உரியது சேர வேண்டும். ஆயினும் மறுபதிப்புச் செய்யும் எண்ணமும் இல்லை, பிறர் படிக்கவும் விடமாட்டேன் என்பது எவ்வகை நியாயம்?

மின்வடிவில் இருப்பதால் பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். 1991 இல் தொடங்கிய 'கேம் இன்ஃபார்மர்' இதழை அதன் உரிமையாளர் 2024 ஆகஸ்டில் மூடியபோது, அதன் இணையத்தளக் கட்டுரைகள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்தன. 2025 மார்ச்சில் வேறொரு நிறுவனம் அதை மீட்டுக் கொண்டுவந்தது. இடைப்பட்ட ஏழு மாதங்களில் அதன் வரலாற்றைத் தம் வீட்டு அலமாரியில் வைத்திருந்தவர்கள் யார்? அச்சிதழைச் சேர்த்தவர்கள்தாம்.

விளையாட்டுகளின் நிலையும் இதுவே. 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023 இல் ஓர் ஆய்வு காட்டியது. அதை வெளியிட்ட 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்னும் அறநிறுவனம், அச்சில் இல்லாத 1,500 க்கும் மேற்பட்ட விளையாட்டு இதழ்களைச் சொல் தேடும் வசதியோடு 2025 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தனியாட்கள் வீட்டு அறைகளில் தொடங்கிய பணி நூலகமாகும் காட்சி இது. தமிழுக்கும் இது புதிதன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப் பின் 1994 இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அவர் சேர்த்தவற்றுள் பலவும் அக்காலத்தார் கண்ணுக்குக் குப்பையாகத்தான் தெரிந்திருக்கும்.

தம்பியின் கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மஞ்சளித்த பக்கம் ஒன்றின் படிமம். கீழ்மூலையில் நான்கு வரிகள். எழுத்துப் பிழையோடு என் தம்பியின் பெயர், அதனடியில் 'மலேசியா'.

"அண்ணே, கெடச்சிருச்சு" என்று எழுதியிருந்தான்.

முன்பின் அறியாத ஒருவர், எந்த நாட்டவரோ, தம் இதழைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து எல்லோருக்கும் வழங்கியிருக்கிறார். அந்த மூலைக் கடிதத்தை அவர் கவனித்திருக்கவே மாட்டார். எந்தப் பக்கம் யாருக்கு வேண்டியிருக்கும் என்று அறியாமலே எல்லாப் பக்கத்தையும் காத்தார். அவ்விதழ் நெகிழிப் பேழைக்குள் கிடந்திருந்தால், நான் செய்த தவற்றை யாரால் ஈடுசெய்திருக்க முடியும்?

ஆகவே அன்பர்களே, சேர்ப்போரிடம் ஒரு வேண்டுகோள்: பூட்டுவதற்கு முன் ஒருமுறை படியெடுங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாணவன் விரும்பிப் படிக்கும் தாளை, அது எதைப் பற்றியதாயினும், ஏளனம் செய்யாதீர்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த சனிக்கிழமை லாரி வரும்போது, பெட்டியைக் கொடுப்பதற்கு முன் அதன் உரியவரைக் கேட்டுவிடுங்கள்.

நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்