இதயத்தைச் சுற்றி நீர்: வலி போனதும் மாத்திரையை நிறுத்தலாமா?

"வலிதான் போயிடுச்சே... இன்னும் எதுக்கு மாத்திரை? ஜிம்முக்குப் போகலாம்ல?"

இப்படி நீங்கள் நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

நீர் ஏன் சேருது?

நம் இதயம் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அது உரசாமல் துடிக்க, பைக்குள் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருப்பது இயல்பு. பையில் அழற்சி ஏற்பட்டால் நீரின் அளவு கூடலாம். சாதாரணக் கிருமித்தொற்றுக்குப் பிறகு இளையர்களுக்கும் இது வரலாம்.

நெஞ்சு குத்துவதுபோல் வலிக்கும். படுத்தால் வலி கூடும். முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும்.

என்ன மருந்து?

பொதுவாக ஐபுப்ரோஃபென் அல்லது ஆஸ்பிரின். கூடவே கோல்கிசின்.

கோல்கிசின் புதிய மருந்தல்ல. கௌட் மூட்டு வலிக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் தெரியும்தானே? அதன் விதையிலிருந்தும் இதை எடுக்கிறார்கள்.

ஏன் 3 மாதம்?

வலி நின்றாலும் அழற்சி முழுசா அடங்கியிருக்காது. மருந்தைப் பாதியில் விட்டால் வலியும் நீரும் திரும்ப வரலாம்.

இத்தாலியில் 240 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. எல்லாருக்கும் வழக்கமான மருந்து. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக 3 மாதம் கோல்கிசின். அது கிடைக்காதவர்களில் 100க்குச் சுமார் 38 பேருக்கு நோய் நீடித்தது அல்லது திரும்பியது. கோல்கிசின் சாப்பிட்டவர்களில் 17 பேருக்குத்தான் அப்படி.

அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால்? அதற்கென்றே ரிலோனாசெப்ட் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி கொடுத்தது.

எல்லாருக்கும் இதே மருந்தா?

இல்லை. காசநோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், தைராய்டு குறைபாடு ஆகியவற்றாலும் நீர் சேரலாம். அப்போது மூல காரணத்துக்குத்தான் சிகிச்சை. அழற்சியே இல்லாவிட்டால் கோல்கிசினால் பெரிய பலன் இல்லை. நீர் அதிகமாகி இதயத்தை அழுத்தினால் மாத்திரை போதாது. ஊசி செலுத்தி நீரை உடனே வெளியேற்ற வேண்டும்.

கவனம்!

வீட்டில் தாத்தாவின் கௌட் மாத்திரை இருக்கிறதா? அதை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். கோல்கிசின் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளுடன் சேர்ந்தாலும் அது உடலில் நச்சாகலாம். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சு வலி? காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

சரி, ஜிம்முக்கு எப்போ போகலாம்? வலி நின்ற அன்று அல்ல. ரத்தப் பரிசோதனையும் இதய ஸ்கேனும் பார்த்துவிட்டு மருத்துவர் "ஓகே" சொல்லும் அன்று. மாத்திரையை நிறுத்துவதும் அவர் சொன்ன பிறகுதான்.