வேலை போனால் வீடும் போவதா?

காப்பிக் கொட்டைக்கு விலை கூறுவது சேர்வராயன் மலையல்ல, நியூயார்க் சந்தை! பிரேசில் நாட்டிலே உறைபனி கொட்டினால் விலை ஏறும். அங்கே அமோக விளைச்சல் என்றால் விலை சரியும். சரிந்தால் ஏற்காட்டிலும் தலைச்சோலையிலும் என்ன நேரும்? தோட்ட முதலாளிக்கு இலாபம் குறையும். தொழிலாளிக்கோ வேலை குறையும். வேலையோடு கூலி போகும். கூலியோடு கூரையும் போகும்! கூரை போகும் கொடுமையைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

வீண் அச்சமல்ல இது. 1989 ஜூலையில் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்தது. சில மாதங்களில் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. 2001இல் ஒரு பவுண்டு காப்பி அரை டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அதே காப்பி 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டிற்று. ஏறியது இறங்காது என்று எவரேனும் உறுதி கூற முடியுமா?

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தரும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. நல்ல சட்டந்தான்! ஆனால் லைன் வீடு வேலைக்குத் தந்த வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பாட்டன் நட்டான், தகப்பன் கவாத்து வெட்டினான், மகள் பழம் பறித்தாள். மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ஒரு சாண் நிலம் சொந்தமில்லை!

"வாடகையில்லாமல் அல்லவா தந்தோம்" என்பர் முதலாளிமார். உண்மை. ஆனால் வாடகை வீட்டுக்காரன் வேலை இழந்தால், அந்த வீட்டிலிருந்தபடியே வேறு வேலை தேடலாம். லைன் வீட்டுக்காரனோ ஒரே நேரத்தில் வேலையும் தேட வேண்டும், வீடும் தேட வேண்டும். பிள்ளையின் பள்ளி, ரேஷன் அட்டை, வாக்குரிமை யாவும் அந்தக் கதவோடு கட்டுண்டு கிடக்கின்றன.

மாஞ்சோலையைப் பாருங்கள்! சிங்கம்பட்டி ஜமீனிடம் பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. அங்கே நெருங்கியது விலை வீழ்ச்சியல்ல, குத்தகையின் முடிவு. எனினும் 2024இல் தொழிலாளர்க்கு நேர்ந்தது என்ன? விருப்ப ஓய்வு என்றொரு தாள். ஆகஸ்டு 7க்குள் வீட்டைக் காலி செய் என்றொரு கெடு! பல தலைமுறை வாழ்ந்தோர், குடியிருக்க இடம் கேட்டு உயர்நீதிமன்றத்தின் படியேறினர். காரணம் எதுவாயினும், வேலை போன அன்றே வீடும் ஆட்டங்காண்கிறது.

சமவெளியிலும் இந்தக் கொடுமை இருந்தது. பண்ணையாரின் மனையிலே குடிசை, முகம் கோணினால் "வெளியே போ!" 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், வேளாண் தொழிலாளிக்கு அவன் குடியிருந்த மனையையே சொந்தமாக்கிற்று. அதனால் வயல்கள் தரிசாகிவிட்டனவா? நெல் விளையாமற் போயிற்றா?

அந்த நியாயம் மலையேறட்டும் என்கிறோம்! ஆயிரம் ஏக்கர் கேட்கவில்லை. குடும்பத்துக்கு 3 சென்ட் மனை, பெண்ணின் பெயரில் பட்டா. தோட்டம் மூடப்பட்டாலும், கைமாறினாலும், விடுதியாக உருமாறினாலும், பணிக்கொடை பைசா பாக்கியின்றிக் கைக்கு வந்து, மாற்று வீட்டின் சாவியும் கிடைக்கும்வரை எவரையும் வெளியேற்றலாகாது என்ற விதி. இவை போதும்.

வீதிக்கு வந்த குடும்பத்துக்குக் கஞ்சித் தொட்டி திறப்பது இரக்கம். வீதிக்கு வராமல் காப்பதே ஆட்சி. காப்பி விலை சரிந்தபின் கோப்புகளைத் தேடிப் பயனில்லை. ஆளுவோர் எவராயினும், விலை நிற்கும்போதே மனையளக்கச் சங்கிலி எடுக்கட்டும்! எடுப்பார்களா? எடுக்க வைப்போம்!