சின்ன வயசிலேயே கண்ணாடி: பவர் ஏறாமல் தடுக்க முடியுமா?

ஓசூர் சிப்காட்டில் அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட், அம்மாவுக்கு ஒரு ஷிஃப்ட் என்றால், நாலு வயசுக் குழந்தையை வெளியே விளையாடக் கூட்டிப்போவது யார்? இது கண் பற்றிய கேள்வியும்தான்.

கண்பந்து அளவுக்கு மீறி நீள்வதால் வருவது கிட்டப்பார்வை. எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு பவர் ஏறும். சாதாரண கண்ணாடி அதைத் தடுக்காது. பகல் வெளிச்சம் அது வருவதைத் தள்ளிப்போடும்.

தைவானின் யீலான் பகுதியில் 2014-ல் தொடங்கிய திட்டத்தில், மழலையர் பள்ளிகளே தினமும் 2 மணி நேரம் குழந்தைகளை வெளியே விளையாடவிட்டன. கண் பரிசோதனையும் நடந்தது. இரண்டே ஆண்டில் கிட்டப்பார்வை 15.5 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமானது.

பவர் வந்துவிட்டால் வெயில் மட்டும் போதாது. ஹாங்காங் ஆய்வில் 0.05% அட்ரோபின் சொட்டு மருந்து, 4-12 வயதினரிடம் பவர் ஏறும் வேகத்தை முதல் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. ஆனால், கண் டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது.

ஷிஃப்ட்டை மாற்ற முடியாது. அங்கன்வாடி, பிளே ஸ்கூல் டைம்டேபிளை மாற்றலாமே!