அலமாரியின் சாவி

பள்ளி நூலகம் என்றவுடன் பலரது நினைவில் தோன்றுவன இரும்பு அலமாரிகள். தலைமையாசிரியர் அறையை ஒட்டியோ ஆய்வகத்தின் மூலையிலோ அவை வரிசையாக நிற்கும். கதவுகளில் வெள்ளை வண்ணத்தில் எண்கள் எழுதப்பட்டிருக்கும். சாவிக்கொத்து ஓர் ஆசிரியரிடம் இருக்கும்; அவர் விடுப்பில் சென்றால் சாவியும் விடுப்பில் சென்றுவிடும். உள்ளே இருக்கும் நூல்களில் பல, வாங்கிய நாளில் இருந்தவாறே புதுமை மாறாமல் இருக்கும். பிரிக்கப்படாமையால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நூல்களும் அவற்றுள் உண்டு. இத்தகைய பள்ளிகளிலும், இக்கால மாணவர்க்கு வாசிப்பில் நாட்டமில்லை என்னும் குறை தவறாமல் கேட்கிறது. பூட்டிய கதவின் முன் நிற்கும் மாணவருக்கு நாட்டம் உண்டா, இல்லையா என்பதை எவரும் அறிய இயலாது. கதவைத் திறந்துவைத்து ஓராண்டு பார்த்த பின்னரே அக்குறையைச் சொல்லும் உரிமை பிறக்கும்.

நூலகங்களின் பூட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆழ்ந்து சிந்தித்தவர் சீர்காழி இரா. அரங்கநாதன். 1892ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் அப்பணி அவருக்கு உவப்பாக இல்லை. வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகிய அவருக்கு, நாடி வருவோர் அரிதான அறையில் தனித்து அமர்ந்திருப்பது பெருஞ்சுமையாயிற்று. மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பினார். பின்னர் இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்றபோது, அங்கிருந்த பொது நூலகங்கள் எல்லா நிலை மக்களையும் சென்றடைவதைக் கண்டார். திரும்பி வந்த அரங்கநாதன் நூலகத்தைவிட்டு நீங்க எண்ணவில்லை.

நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் 1931இல் வெளிவந்தது. நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பது முதல் விதி. இது எல்லாரும் அறிந்ததுதானே, இதற்கொரு விதி வேண்டுமா என்று தோன்றலாம். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் நிலைப்பேழையுடன் பிணைத்து வைத்தனர். இங்கிலாந்தின் எரிபோர்டு பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். கையால் எழுதப்பட்ட படி ஒன்றே ஒன்று இருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அச்சு வந்து படிகள் பெருகிய பின்னும், நூலைக் காப்பதே நூலகரின் முதற்கடமை என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. அவ்வெண்ணத்தை மாற்றவே அரங்கநாதன் இவ்விதியை முதலில் வைத்தார். நூலகம் எவ்விடத்தில் அமைய வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், அடுக்குகள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், நூலகர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பன அனைத்தையும் இவ்வொரு விதியிலிருந்தே அவர் வருவித்தார். அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் நூல்களை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. நூலகம் வாசகரைத் தேடிச் சென்ற அம்மண்ணில், வாசகர் தேடி வந்தும் நூல் கிடைக்காத அறைகள் இன்றும் இருக்கின்றன.

இதற்குப் பொறுப்பாளரின் மனக்குறையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. பல பள்ளிகளில் முழுநேர நூலகர் இல்லை. தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ தம் பணிகளுக்கிடையே நூலகத்தையும் கூடுதலாகக் கவனிக்கிறார். அவர் பொறுப்பேற்கும் நாளில் அவர் கையில் தரப்படுவது இருப்புப் பதிவேடு. பொறுப்பிலிருந்து விலகும் நாளில் அப்பதிவேட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய நூலை அவர் காட்ட வேண்டும். குறைந்தால் விளக்கம் கேட்கப்படும். விலையைச் செலுத்தவும் நேரிடும். எத்தனை நூல்கள் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் எண்ணப்படுகிறது. எத்தனை நூல்கள் வாசிக்கப்பட்டன என்று எவரும் வினவுவதில்லை. இந்நிலையில் ஒரு நூலும் வெளியே செல்லாதிருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. பூட்டு அவருடைய அச்சத்தின் வடிவம்.

அந்த அச்சத்தைப் போக்காமல், மாணவரை வாசிக்கத் தூண்டுங்கள் என்று அவரிடம் சொல்வதில் பயனில்லை. இதற்கு வழிகாட்டக்கூடிய ஒரு விதி நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நூலகத்தில் நூல்கள் ஓரளவு தொலைவதை இயல்பானதாகவே ஏற்கின்றன. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்திற்கு ஐந்து தொலைவது ஏற்கத்தக்கது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருத்தல் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்பது அவ்விதியின் சாரம்.

இவ்விதியில் ஊன்றி நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தொலையத்தக்க நூல்களின் அளவு, அலமாரியில் உள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. வாசகரின் கைக்குச் சென்ற நூல்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஓராண்டில் நாலாயிரம் முறை நூல் வழங்கிய நூலகத்தில் இருபது நூல்கள் தொலைந்தாலும் அது பிழையாகாது. நூறு முறை மட்டும் வழங்கிய நூலகத்திற்குக் கிடைக்கும் சலுகையோ அரை நூல்! மிகுதியாக வழங்குபவருக்கே மிகுந்த காப்பு என்னும் இந்த ஏற்பாடு, அரங்கநாதனின் முதல் விதியைக் கணக்கு மொழியில் எழுதியது போலுள்ளது. இது நடுவண் அரசின் அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய விதி. ஆயினும் எந்தப் பள்ளி நிருவாகமும் இதன் கருத்தைப் பின்பற்றித் தன் நூலகப் பொறுப்பாளருக்கு இத்தகைய உறுதியை எழுத்து வடிவில் வழங்குதல் நன்று. வாசிப்பை வளர்க்க நடத்தப்படும் உறுதிமொழிக் கூட்டங்களைவிட இவ்வொரு தாள் மிகுந்த பயன் தரும்.

பலர் கைபட்டு அட்டை கிழிந்த நூலை இழப்பாகக் கருதுவதும் தவறு. அது தன் பணியைச் செய்து முடித்த நூல். கட்டுமானம் செய்து மீண்டும் வைக்கலாம். இயலாதெனில் வேறொரு படி வாங்கலாம்.

பூட்டிய அலமாரியால் எல்லா மாணவரும் ஒரே அளவில் இழப்பதில்லை. வீட்டில் நூல்கள் நிறைந்த மாணவர்க்குப் பள்ளி நூலகம் மூடியிருந்தாலும் பெருங்கேடில்லை. புத்தகக் காட்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அவருக்கு இருக்கின்றனர். பாடநூல் தவிர வேறு நூலே இல்லாத வீட்டிலிருந்து வரும் மாணவர்க்கு, அக்குடும்பத்தில் முதன்முதலாக மேல்நிலை வகுப்பில் காலடி வைத்த மாணவிக்கு, அவ்வலமாரியே அருகில் உள்ள ஒரே நூற்களஞ்சியம். அதுவும் மூடப்பட்டால் அவருடைய வாசிப்பு பாடநூலோடு நின்றுவிடும்.

கதவு திறந்தபின் அடுத்துக் குறுக்கிடுவது பரிந்துரைப் பட்டியல். மாணவர் இவற்றைத்தாம் படிக்க வேண்டும் என்று பெரியோர் வகுத்த பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் நல்ல நூல்களே. ஆனால், பதினாறு வயதினர் ஒருவரை அறியாமலே அவருக்குரிய நூலைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என அரங்கநாதனின் இரண்டாம், மூன்றாம் விதிகள் கூறுவது இதனையே. அவ்விணைப்பு நிகழ, நூலகர் நூல்களையும் அறிந்திருக்க வேண்டும். மாணவரையும் அறிந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்து மாணவி ஒருவரிடம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' புதினத்தைக் கொடுக்கலாம். தம் வீட்டார் நாள்தோறும் படும் பாடு அச்சேறியிருப்பதைக் காணும்போது, இலக்கியம் பிறருக்கு உரியது என்னும் தயக்கம் அவரிடம் தளரும். கடற்கரை ஊர் மாணவர்க்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', திண்டுக்கல் பகுதி மாணவர்க்குத் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' எனத் தமிழில் இதற்கு வளம் மிகுதி. எனினும், இதனையே விதியாக்கிவிடுதல் கூடாது. உப்பளத்து மாணவி பனிமலை ஏறியவர்களைப் பற்றிப் படிக்க விரும்பலாம்; விண்மீன்களைப் பற்றிய நூலை நாடலாம். சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவு செல்வதற்கும் நூல் உதவும். அவர் கை எந்த அடுக்கை நோக்கி நீளுகிறது என்று பார்ப்பதே நூலகரின் முதல் வேலை. அதற்காகவே நூல்கள் கைக்கெட்டும் உயரத்தில், திறந்த அடுக்குகளில் இருக்க வேண்டும். ஒரு மேசையின்மேல் பத்து நூல்களை முன்னட்டை தெரியுமாறு வைத்து வாரந்தோறும் மாற்றினால், முதுகுப்புறம் மட்டும் காட்டி நின்ற நூல்களுக்கும் வாசகர் கிடைப்பர்.

படக்கதையோ துப்பறியும் கதையோ மட்டைப்பந்து வீரரின் வாழ்க்கையோ எடுத்துவரும் மாணவரைக் கண்டு முகம் சுளித்தல் ஆகாது. அந்நூலைப் பதிவேட்டில் குறித்து, முடித்தபின் எப்படியிருந்தது என்று கேட்டால் போதும். இரண்டாவது நூலுக்கு அவர் மீண்டும் வருவார். அப்போது வேறொன்றையும் உடன் காட்டலாம். பாதியில் பிடிக்காமல் போன நூலைத் திருப்பித் தரும் உரிமையும் அவருக்கு வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியேல் பென்னாக், வாசகரின் உரிமைகளைத் தொகுத்து 1992இல் எழுதியபோது, நூலை முடிக்காமல் விடுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். பெரியவர்கள் தமக்கு இயல்பாக எடுத்துக்கொள்ளும் இவ்வுரிமையை மாணவர்க்கு மட்டும் மறுப்பது விந்தையே.

வாசிப்பை வளர்ப்பதாகக் கருதி அதனைக் கெடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. படித்த ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பக்கம் சுருக்கம் எழுதித் தரவேண்டும் என்பது அது. அதனால் நூல் வீட்டுப்பாடமாகிறது. பின்னட்டையைப் பார்த்து எழுதும் திறமையே வளர்கிறது. அதற்கு மாறாக, நூலகப் பாடவேளையில் நூலகர் ஒரு கதையின் முதல் சில பக்கங்களை உரக்க வாசித்து, ஆவல் மிகும் இடத்தில் நிறுத்திவிடலாம். அன்று மாலைக்குள் அந்நூலைக் கேட்டு மூவர் நிற்பர். அந்தப் பாடவேளை வேறு பாடத்தின் சிறப்பு வகுப்பாக மாறாதிருக்கத் தலைமையாசிரியர் துணைநிற்க வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் அவ்வேளை அட்டவணையில் மட்டும் உயிர்வாழ்வது பரவலான உண்மை.

தேர்வுச் சுமையைக் காரணம் காட்டுவோர்க்கு விடை எளிது. வாசித்துப் பழகியவர் வினாத்தாளையும் விரைந்து புரிந்துகொள்வார். ஆயினும், மதிப்பெண்ணுக்காக வாசிக்கச் சொல்வது வாசிப்பைச் சிறுமைப்படுத்தும். அவ்வாதத்தை நூலகர் அளவோடு கையாள்வதே நலம். திறன்பேசியின்மேல் பழி சுமத்துவதும் முழுமையான விடையாகாது. உணவு இடைவேளையில் அமர்ந்து படிக்க ஓரிடமும் எடுத்துச் செல்ல ஒரு நூலும் கிடைக்காத பள்ளியில், மாணவர் திறன்பேசியைத்தவிர வேறெதை நாடுவார்?

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைகளில் சிறு நூல்களை மாணவரின் கைகளில் சேர்த்தது. குறைந்த பக்கங்கள், பெரிய எழுத்துகள், படங்கள் எனக் குழந்தையின் கைக்கேற்ப அவை அமைந்தன. அவ்வாறு பறக்கப் பழகிய குழந்தை மேல்நிலை வகுப்பிற்கு வரும்போது பூட்டிய அலமாரியைக் காண நேரின், அதுவரை செய்த முயற்சி அனைத்தும் பாதியில் நின்றுவிடும்.

நூல் வழங்கும் பணியைத் தனியொருவராகச் செய்வது பொறுப்பாசிரியர்க்குக் கடினம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் நால்வரிடம் வழங்கல் பதிவேட்டை ஒப்படைக்கலாம். எந்த நூல் கைமாறிக்கொண்டே இருக்கிறது, எது மூன்றாண்டுகளாக அசையவில்லை என்பதை அப்பதிவேடு காட்டும். அடுத்த முறை நூல் வாங்கும்போது அந்நால்வரின் சொல்லுக்கும் இடம் தரவேண்டும். பள்ளியில் இல்லாத நூல்களுக்கு ஊரின் கிளை நூலகம் உதவும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமே. சொத்து வரியுடன் மக்கள் செலுத்தும் நூலக வரியால் அந்நூலகங்கள் நடைபெறுகின்றன. மாணவரை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று உறுப்பினராக்குவதும் பள்ளி நூலகரின் பணியே.

கோடை விடுமுறையே வாசிப்பிற்கு மிகவும் உகந்த காலம். அப்போதுதான் பள்ளி நூல்கள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டு உள்ளே வைத்துப் பூட்டப்படுகின்றன. பதினொன்றாம் வகுப்பை முடிக்கும் மாணவர் மீண்டும் அதே பள்ளிக்கு வரவிருப்பவர். அவரிடம் மூன்று நூல்களை ஏப்ரலில் கொடுத்துச் சூனில் திரும்பப் பெறுவதில் இடர் ஏதுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பினரிடமும் தேர்வு முடிந்த கையோடு நூல்களைக் கொடுக்கலாம். மாற்றுச் சான்றிதழ் பெற அவர்கள் எப்படியும் பள்ளிக்கு வந்தாக வேண்டும்.