பாலாற்று மணலுக்கடியில் ஒரு கணக்கு

பாலாற்றுப் பக்கம் ஒரு பேச்சு நெடுநாளாய் நடமாடுகிறது. "ஆலைகள்தாம் இப்போது கழிவைச் சுத்திகரிக்கின்றனவே, பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்பது அந்தப் பேச்சு. ஆலை அதிபர்கள் இப்படிப் பேசினால் வியப்பில்லை. அவர்களுக்காக வாதாடும் கனவான்கள் பேசினாலும் வியப்பில்லை. நம்முடைய தொழிலாளித் தோழர்கள் சிலரும், எங்கே வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில், அதையே திருப்பிச் சொல்லுகிறார்களே, அதுதான் வேதனை!

குழாயை மூடினால் விஷம் நின்றுவிடுமா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகையில் கழிவு உப்பு நிலத்தடியில் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டு 1999-ல் வெளியிட்டார். தோல் ஆலைகள் விடுகிற கழிவை அன்றிருந்த அளவில் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டு சென்ற பிறகும்கூட, நிலத்தடி நீரிலுள்ள உப்பு பாதிக்குக் கீழே இறங்காது என்பது அந்தக் கணக்கின் முடிவு. இருபது ஆண்டு! அன்று பிறந்த குழந்தை வளர்ந்து ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்கும் வயது அது.

"மண்ணுக்குள்ளே நடப்பதை இவர் எப்படிக் கண்டார்? ஜோசியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கேட்டால்தான் விளக்க முடியும்.

பாலாறு என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆண்டில் பெரும்பகுதி அதில் மணல்தான் தெரியும். ஆனால் மணலைத் தோண்டினால் ஊற்று வரும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மேலே வறண்ட ஆறு, கீழே நகர்கிற ஆறு. அந்தக் கீழாற்றை நம்பித்தான் கேணியும் பம்புசெட்டும் ஊருக்கான குடிநீர்த் தொட்டியும் இருக்கின்றன. அந்தக் கீழாறு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அறிய வழி சொன்னவர், 1856-ல், பிரான்சு நாட்டின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த எஞ்சினியர் ஆன்றி தார்சி. நீண்ட குழாயில் மணலை நிரப்பித் தண்ணீரை விட்டு அளந்து பார்த்தார். இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வேற்றுமை கூடினால் ஓட்டம் கூடும். மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். மீதி, மணல் பருமணலா களிமண்ணா என்பதைப் பொறுத்தது. அவ்வளவுதான் விதி. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நல்ல பருமணல், நாளொன்றுக்கு 50 மீட்டர் நீரைக் கடத்தவல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் தூரத்துக்கு நீர்மட்டம் 2 மீட்டர் சரிகிறது. மணலில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. பெருக்கி வகுத்தால் நீர் நாளுக்கு அரை மீட்டர் நகரும். ஆண்டுக்கு 180 மீட்டர் சொச்சம். ஒரு கிலோமீட்டர் போக ஐந்தரை ஆண்டு! இன்று ஆலைப் பள்ளத்தில் இறங்கிய கழிவு, அடுத்த சட்டசபைத் தேர்தலும் முடிந்த பிறகுதான் பக்கத்து ஊர்க் கேணியில் தலை காட்டும். அப்போது கேட்டால் "எங்கள் ஆலைதான் இப்போது சுத்தமாக இருக்கிறதே" என்பார்கள். இருக்கும்! விட்டது அன்று, வந்தது இன்று.

இடையிலே பத்துப் பேர் பெரிய பம்பு வைத்து இரவு பகலாய் இறைத்தால், அந்த இடத்தில் நீர்மட்டம் பள்ளமாகும். நாலா பக்கத்து நீரும் அந்தப் பள்ளத்தை நோக்கித் திரும்பும். விஷமும் கூடவே திரும்பும். ஆகவே ஆற்றோட்டத்தின் திசையை மட்டும் பார்த்து "எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, எங்களுக்கு ஆபத்தில்லை" என்று எந்த ஊரும் இறுமாந்திருக்க முடியாது.

இந்த விதியை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவு செலவு எழுதுகிறார்கள். மழையால் வந்தது வரவு, பம்பு இறைத்தது செலவு, பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு. மளிகைக் கடைப் பேரேடுதான். கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. நீர்க் கணக்கு முடிந்ததும் அதன்மேல் உப்புக் கணக்கை ஏற்றுகிறார்கள்.

உப்பு, நீரோடு தோளோடு தோள் சேர்ந்து நடக்கும். தோல் கெடாமலிருக்க உப்பைத் தடவித்தான் ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது தோல் தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த உப்பெல்லாம் கழுவும்போது இறங்கிவிடுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் அது போவதுமில்லை. குரோமியத்தின் கதை வேறு. தோலைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்று நின்று நகரும். ஆனால் ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ரசாயனம் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை மலைபோல் குவித்துவிட்டுப் போன கழிவில் இருந்தது வேறு ஜாதிக் குரோமியம். அது நீரில் கரையும்; நீரை மஞ்சளாக்கும்; தடையின்றி ஓடும்; புற்றுநோயும் தரும். அந்த ஆலை 1990-களின் நடுவிலேயே மூடப்பட்டது. குவிந்து கிடந்த கழிவோ லட்சம் டன்னுக்கு மேல். ஆலை மூடி, முதலாளி போய், தொழிலாளி வேலை இழந்து, கணக்கெல்லாம் தீர்ந்த பிறகும், ஒவ்வொரு மழைக்கும் அந்த மலையிலிருந்து மஞ்சள் நீர் கசிந்துகொண்டே இருந்தது. "மூடிவிட்டால் சரியாய்ப் போகும்" என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

கணக்கு என்றவுடன் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் நாம் சொல்லவில்லை. பாலாற்று மணலுக்குக் கீழே இருப்பது பாறை. பாறைக்குள் நீர் வெடிப்பு வழியாக ஓடுகிறது. வெடிப்பு எங்கே திரும்புகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கிணறு குறைவாக அளந்தால் கணக்கும் நொண்டும். ஆகவே கணக்கைக் காட்டுகிறவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பழைய ஆண்டிலிருந்து இந்தக் கணக்கை ஓடவிட்டால், கேணியில் உண்மையாக அளந்த மட்டமும் உப்பும் அதிலே வருகிறதா? நேற்றைச் சொல்லத் தெரியாத கணக்கு நாளையைச் சொல்ல அருகதையற்றது. அளந்தது எத்தனை கிணறு, அளந்தவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பாஸ்டன் நகருக்கு வடக்கே வோபர்ன் என்ற ஊர். 1964-லும் 1967-லும் நகரசபை அங்கே இரண்டு குடிநீர்க் கிணறுகள் போட்டது. 1979-ல் அவற்றில் டிரைகுளோரோஎதிலீன் என்ற ரசாயனம் கலந்திருப்பது தெரிந்து மூடினார்கள். அதற்குள் பத்தாண்டில் 12 பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய். அந்த ஊர் ஜனத்தொகைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வந்திருக்கக் கூடாது. எட்டுக் குடும்பங்கள் 1982-ல் இரண்டு பெரிய கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டன. ஒன்று டபிள்யூ. ஆர். கிரேஸ். மற்றொன்று பீட்ரிஸ் புட்ஸ்; அதன் பொறுப்பில் இருந்ததும் ஒரு தோல் ஆலைதான்!

1986-ல் விசாரணை நடந்தது. ரசாயனம் எந்த ஆண்டு, எந்த மாதம் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது என்று ஜூரிகளைச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் நீதி முழுவதும் நிலத்தடி நீரோட்டக் கணக்கின் தலையில் ஏறிவிட்டது! குடும்பங்களின் சார்பில் சாட்சி சொன்ன விஞ்ஞானி, பக்கத்து ஆற்றின் நீர் கிணற்றுக்குப் போகவில்லை என்றார். ஆனால் விசாரணைக்குச் சற்று முன்புதான், 1985 டிசம்பரில், சர்க்காரின் புவியியல் இலாகா அந்தக் கிணறுகளை முப்பது நாள் இறைத்து அளந்திருந்தது. ஆறும் கிணற்றுக்கு நீர் கொடுத்ததை அந்த எண்கள் காட்டின. கம்பெனி வக்கீல்கள் விடுவார்களா? பிடித்துக்கொண்டார்கள். தோல் ஆலைத் தரப்பு தப்பியது. கிரேஸ் கம்பெனி பொறுப்பு என்று ஜூரிகள் சொன்னதும் நிற்கவில்லை. ஜூரிகளின் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார் நீதிபதி. கடைசியில் கிரேஸ் 80 லட்சம் டாலருக்கு ராஜி பேசி முடித்தது. பின்னர் 1988-ல், தான் கையாண்ட ரசாயனங்களைப் பற்றிச் சர்க்காருக்குப் பொய்த் தகவல் தந்ததை அதே கம்பெனி ஒப்புக்கொண்டது. அதற்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்தாயிரம் டாலர்.

அந்தக் கிணறுகள் ஓடிக்கொண்டிருந்த பதினைந்து ஆண்டுகளில் யாராவது உட்கார்ந்து ஒழுங்காக அளந்து எழுதியிருந்தால், நீதிமன்றத்தில் இத்தனை அலங்கோலம் நேர்ந்திராது. சம்பவம் நடந்து முடிந்தபின் எண்ணைத் தேடுவது ஏழைக்குக் கட்டுப்படியாகாத காரியம்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. அசுத்தம் செய்தவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்ற நியதியை இந்நாட்டுச் சட்டமாக்கிய தீர்ப்பு அது. தோல் ஆலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாயிற்று என்பது அதிலேயே பதிவாகியுள்ளது. பிறகு ஒரு அதிகாரக் குழு அமைந்து, 2001-ல் நஷ்டஈட்டுப் பட்டியல் போட்டது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 29 ஆயிரம் பேர். தொகை ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய். காலம் 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரை. தலைக்கு வகுத்துப் பாருங்கள், ஒன்பதாயிரத்துச் சொச்சம். மாதத்துக்கு வகுத்தால் நூறு ரூபாய் சொச்சம்! கேணியை இழந்தவனுக்கு மாதம் நூறு ரூபாய்! 2009-ல் விட்டுப்போனவர்களுக்காக மேலும் ஒரு சிறு பட்டியல் சேர்ந்தது. இந்தச் சொற்பமும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பதால்தான், 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, கொடுக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் சர்க்கார் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின் இப்படியொரு உத்தரவு தேவைப்பட்டதே!

கொடுத்தால் மட்டும் போதுமா? பட்டியல் 1998 டிசம்பரோடு நின்றது. மண்ணுக்கடியில் உப்பு நின்றதா? பட்டியல்காரர் பேனாவை மூடிய நாளில், "சரி, இனி நகரக் கூடாது" என்று நிலத்தடி நீருக்கு யாராவது தடையுத்தரவு போட்டார்களா? அன்று கெடாத கேணி பிறகு கெட்டிருந்தால் அந்த விவசாயி எந்தப் பட்டியலில் இருக்கிறான்? எந்த ஊர் அடுத்தது என்று சொல்லத்தக்க ஒரே சாதனம் அந்தக் கட்டக் கணக்குத்தான். அதை ஆய்வுப் பத்திரிகைகளின் அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, இங்கே பட்டாவையும் ரேஷன் கார்டையும் சரிபார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளித் தோழருக்கு ஒரு வார்த்தை. "தண்ணீர் கேட்கிற விவசாயி உன் வேலையைப் பறிக்க வருகிறான்" என்று உமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்கள் விவசாயிகளா? தொழிலாளிகள்! பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மேலே நிற்கும் கழிவு உம்மைக் கொல்கிறது. கீழே இறங்கிய கழிவு உம் வீட்டுக் குழாயில் வருகிறது. ஷிப்டு முடிந்து நீர் போய்ச் சேருவதும் அந்தக் கேணியைச் சுற்றியுள்ள தெருவுக்குத்தானே?

ஆகவே விவசாய சங்கமும் தோல் தொழிலாளர் சங்கமும் ஒன்றாக நின்று கேட்க வேண்டியவை உள்ளன. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கண்காணிப்புக் கிணறுகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஆலைக்காரர் கூலிக்குப் பிடித்த ஆளை விட்டு அளக்கலாகாது. இரு சங்கங்களின் பிரதிநிதிகள் உடன் நிற்க இலாகா அளக்க வேண்டும். ஒரு புட்டித் தண்ணீர் இலாகாவுக்கு, ஒரு புட்டி ஊருக்கு. நீர்மட்டம், உப்பு, குரோமியம் ஆகிய மூன்று எண்ணையும் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் தமிழில் எழுதிப் போட வேண்டும். அந்த எண்களைக் கொண்டு படுகை முழுவதற்கும் நீரோட்டக் கணக்கைப் புதிதாகப் போட்டு, நஷ்டஈட்டுப் பட்டியலை அதன்படி திறக்க வேண்டும். செலவு முழுதும் அசுத்தம் செய்தவர் தலையில். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.