தோல்துருத்தியும் துப்பாக்கியும்

"எல்லாருக்கும் ஓடி ஓடித் தண்ணி குடுக்கறானே, சாகறப்ப அவனுக்கு ஒரு வாய் ஊத்தறதுக்கு ஒருத்தனும் இல்லியா?"

எங்கள் சேரிப் படிப்பகத்தில் 'கங்கா தீன்' படம் போட்டுக் காட்டியபோது ஒரு பாட்டி கேட்ட கேள்வி இது. ஆங்கிலப் படம். நான்தான் இடையிடையே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். உலக சினிமா பேசுகிற நம் அறிவுஜீவிகள் இந்தப் படத்தை 'சாகசப் படங்களின் சிகரம்' என்று எழுதுவார்கள். பாட்டி கேட்டதை அவர்களில் ஒருவராவது கேட்டு நான் படித்ததில்லை.

1939-இல் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ எடுத்த படம். இயக்கம் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். கேரி கிராண்ட், விக்டர் மெக்லாக்லன், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஜூனியர் என்று மூன்று வெள்ளைக்கார சார்ஜென்ட்டுகள். கிட்டத்தட்ட 19 லட்சம் டாலர் செலவு. அதுவரை அந்த ஸ்டுடியோ ஒரு படத்தில் அவ்வளவு பணம் போட்டதில்லை. இந்தியாவின் வடமேற்கு எல்லை என்று காட்டுவதெல்லாம் கலிஃபோர்னியாவில் லோன் பைன் பக்கத்துப் பாறைக்குன்றுகள். 1830-களிலேயே ஒழித்துவிட்டோம் என்று வெள்ளைக்காரனே பீற்றிக்கொண்ட 'தக்கு' கொலைக்கூட்டத்தை ஐம்பது வருஷம் கழித்து உயிர்ப்பித்து, காளி கோயில், தங்கக் கலசம், பாம்புக்குழி எல்லாம் சேர்த்துக் கதை கட்டினார்கள்.

படம் விறுவிறுப்பானது, அதை மறைக்க வேண்டியதில்லை. நானும் சிரித்தேன். சண்டைக் காட்சிகளில் பையன்கள் விசிலடித்தார்கள். பிரெக்ட் மாதிரி ஒரு ஆளே, எல்லாம் பொய் என்று தெரிந்திருந்தும் இந்தப் படத்துக்குக் கைதட்டத் தோன்றியதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கைதட்டிக்கொண்டே நாம் எதை விழுங்குகிறோம்?

கங்கா தீன் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமப்பவன். 'பிஸ்தி' என்பார்கள். தோல்துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு குண்டு பறக்கிற இடத்திலெல்லாம் ஓடுகிறான். (வடக்கே இந்தத் தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கங்கா என்பதோ இந்துப் பெயர். இவன் யார், எந்தச் சனம், குடும்பம் உண்டா என்பதெல்லாம் கதை எழுதியவனுக்கும் வேண்டாம், படம் எடுத்தவனுக்கும் வேண்டாம்.) அவனுக்கு ஒரே ஆசை, சிப்பாய் ஆக வேண்டும். யாரும் பார்க்காதபோது தனியாக நின்று டிரில் செய்து பார்க்கிறான். ஒரு சார்ஜென்ட் அதைக் கண்டுபிடித்து, சிரித்து, பழக்கியும் விடுகிறான். விளையாட்டுக்குத்தான். கடைசியில் தீன் கோயில் உச்சியில் ஏறி ஊதுகொம்பை ஊதி, பொறியில் மாட்டவிருந்த வெள்ளைக்காரப் படையைக் காப்பாற்றிச் சுடப்பட்டுச் சாகிறான். செத்த பிறகு கர்னல் அவனைக் கார்ப்பொரல் ஆக்குகிறார். கடைசிக் காட்சியில் அவன் ஆவி சிப்பாய் உடுப்பு போட்டுக்கொண்டு, சல்யூட் அடித்து, சிரிக்கிறது.

உயிரோடு இருந்தவரை துருத்தி. உடுப்பு பிணத்துக்கு!

படத்துக்கு மூலம் கிப்ளிங் 1890-இல் எழுதிய பாட்டு. அதில் பேசுகிற வெள்ளைக்காரச் சிப்பாய் தண்ணீர்க்காரனை உதைத்ததையும் சொல்லி, மேலே கறுப்பானாலும் உள்ளே வெள்ளை என்று மெச்சவும் செய்கிறான். இந்த மெச்சல் நமக்குப் புதுசா என்ன? "உங்களைப் பார்த்தா எஸ்.சி. மாதிரியே தெரியலியே" என்று கல்லூரியிலும் ஆபீசிலும் இன்றைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறானே, அவன் கிப்ளிங்கின் பேரன்.

பாட்டு வந்த அதே காலத்தில் நிஜப் பட்டாளத்தில் என்ன நடந்தது? 1818-இல் கோரேகானில் பேஷ்வா படைக்கு எதிராகக் கம்பெனிப் படையில் நின்று செத்தவர்களில் மகர்கள் உண்டு. அந்த நினைவுத்தூணில் அவர்கள் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார். மதராஸ் பட்டாளத்தின் சாப்பர்-மைனர் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள், சுட்டார்கள், செத்தார்கள். இவர்கள் துருத்தி தூக்கியவர்கள் இல்லை, துப்பாக்கி பிடித்தவர்கள். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் 'வீர இனம்' என்ற தத்துவத்தைத் தூக்கிப் பிடித்தார். சீக்கியன் வீரன், பட்டாணியன் வீரன், கூர்க்கா வீரன். தெற்கத்தியானும் தீண்டப்படாதவனும் வீரன் ஆக மாட்டானாம். 1892 வாக்கில் மகர்களுக்குப் பட்டாளக் கதவு சாத்தப்பட்டது. கோபால் பாபா வலங்கர் மனு எழுதிப் போராடிப் பார்த்தார். பட்டாளத்தோடு பட்டாளப் பள்ளிக்கூடமும் போயிற்று. அந்தத் துரோகத்தை அம்பேத்கர் கசப்போடு எழுதியிருக்கிறார்.

ஆக, தண்ணீர் சுமப்பவனைப் பாட்டில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள்ளேயே, துப்பாக்கி சுமந்தவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்கள். படம் இந்தப் பிடுங்கலை அழித்துவிட்டு, கங்கா தீன் பிறவியிலேயே துருத்திக்காரன், சிப்பாய் ஆவது அவனுக்கு ஒரு வேடிக்கைக் கனவு என்று காட்டுகிறது. அந்தத் துப்பாக்கி எகிப்திலும் பர்மாவிலும் யாரைச் சுட்டது என்று நாம் கேட்கத்தான் வேண்டும். கேட்போம். ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வரலாற்றிலிருந்தே நம்மைத் துடைத்து எறிகிறவனோடு சேர்ந்து நின்று கேட்க முடியாது.

நம் தேசியவாதிகளைப் பார்ப்போம். 1938-இல் கோர்டாவின் 'டிரம்' படத்துக்கு பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பு எழுந்தது. மறுவருஷம் 'கங்கா தீன்'. 'ஃபிலிம் இந்தியா' பத்திரிகையில் கே.ஏ. அப்பாஸ் கடுமையாக எழுதினார். வங்காளத்திலும் பம்பாயிலும் தடை போட்டார்கள். கோபம் நியாயமானது. மொட்டைத்தலை, அரைவேட்டியோடு வரும் வில்லன் குருவிடம் காந்தியின் சாயலைப் பலரும் பார்த்தார்கள். ஆனால் கோபம் யாருக்காக வந்தது என்று பாருங்கள். பாரத மாதாவுக்கு அவமானம், காளிக்கு அவமானம், குருவுக்கு அவமானம். தண்ணீர்க்காரனுக்கு நேர்ந்த அவமானம் பட்டியலில் கடைசி. இன்னும் சொன்னால், அவன் அவர்கள் கண்ணில் துரோகி. சொந்த நாட்டைக் காட்டிக்கொடுத்த கைக்கூலி. எந்த நாடு ஐயா அது? 1927 மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கு அடித்து மண்டையை உடைத்து, அப்புறம் குளத்துக்குப் பசுஞ்சாணியும் மூத்திரமும் ஊற்றித் தீட்டுக் கழித்ததே, அந்த நாடா? அந்த நாட்டுக்கு விசுவாசம் காட்டவில்லை என்று தண்ணீர்க்காரனைக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. அதை எந்த ஸ்டுடியோவும் எடுக்கவில்லை. 1857 ஜனவரி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம். ஆயுதச்சாலையில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயிடம் சொம்பில் தண்ணீர் கேட்கிறார். தீட்டு என்று சிப்பாய் மறுக்கிறான். இவர் திருப்பிக் கொடுக்கிறார்: மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைச் சீக்கிரமே வாயால் கடிக்கப் போகிறாய், அப்புறம் உன் சாதி எங்கே இருக்கும்? வெள்ளைக்காரன் ஆவணத்திலேயே இந்தச் சம்பவம் இருக்கிறது, பேர் மட்டும் இல்லை. வடநாட்டுத் தலித் மக்கள் அவரை மாதாதீன் என்கிறார்கள். அங்கேயும் ஒரு தீன்! இவர் தண்ணீர் கொடுத்துச் செத்தவர் இல்லை, தண்ணீர் கேட்டவர். வாய் திறந்து பதில் சொன்னவர். பாடப்புத்தகத்தில் மங்கள் பாண்டே இருக்கிறார். சொம்பை மறைத்த கை யாருடையது என்பது பாடத்தில் இல்லை.

இன்னொரு கூத்து. கங்கா தீன் வேஷத்துக்கு முதலில் நினைத்தது மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபுவை. கோர்டா கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்ததால் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் பிறந்த சாம் ஜாஃபேக்குக் கரி பூசி நடிக்க விட்டார்கள். ஜாஃபே நல்ல நடிகர், குறை சொல்வதற்கில்லை. அந்த சாபு பிறகு உலகப்போரில் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி பிடித்துப் பதக்கம் வாங்கினார். 1962-இல் இதே கதையை அமெரிக்கக் குதிரைப்படைக் கதையாக மாற்றி 'சார்ஜென்ட்ஸ் 3' என்று எடுத்தார்கள். தீனின் இடத்தில் யாரைப் போட்டார்கள்? விடுதலையான அடிமையாக, ஒரு கறுப்பரை. சாமி டேவிஸ் ஜூனியர். தேசம் மாறும், ஊதுகொம்பு ஊதுகிற ஆள் எந்தச் சனத்திலிருந்து வர வேண்டும் என்பது மட்டும் மாறாது.

எங்கள் தெருவில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீடு உண்டு. அந்தத் தாத்தா சாப்பர் படையில் இருந்தவர். லீவில் வரும்போது பூட்ஸ் காலோடு ஊர்த்தெரு வழியாக நடக்கக் கூடாது என்றார்கள். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போ என்றார்கள். மனுஷன் கழற்றவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் ஏரிக்கரையைச் சுற்றி, சேற்றில் இறங்கி, ஒரு மைல் கூடுதலாக நடந்து பூட்ஸோடேயே சேரிக்குள் வந்தாராம். சேற்றைக் கழுவ வீட்டு வாசலில் பாட்டி ஒரு குடம் தண்ணீரோடு நிற்பாராம். படம் முடிந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்தான். விளக்கைப் போட்ட பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"செத்த பெறகு உடுப்பாம்" என்றார். "எங்க வூட்டுக்காரரு உசுரோட போட்டிருந்தாருடா."