மருத்துவமனைப் பையில் ஒரு தாள்

மருத்துவமனையில் தங்கப் புறப்படுகையில் மாற்றுப் புடவை, துண்டு, வெந்நீர்க் குடுவை, மூக்குக்கண்ணாடி யாவற்றையும் எடுத்துவைக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டு இங்கே நாகபுரியில் எம் அன்னையாரைச் சேர்த்தபோது நாமும் மறந்தோம். பெண்கள் பகுதியில் இரவில் ஆடவர் தங்க இயலாது. நள்ளிரவில் கடும் வலி. செவிலியார் அருகில் வந்தும், இந்தியில் சொல்லத் தெரியாத அன்னையார் விடியுமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். காலையில் அதைக் கேட்டுத் தலைகுனிந்தோம். பத்தாண்டு இவ்வூரில் உடன் வாழ்ந்தும் அவருக்கு ஒரு சொல் கற்றுக்கொடுத்தோமில்லை!

ஆதலால் அன்பர்களே, பையில் முதலில் ஒரு தாளை வையுங்கள். வலிக்குத் ‘தர்த்’, தலைச்சுற்றலுக்குச் ‘சக்கர்’, தண்ணீருக்குப் ‘பானி’, மூச்சிரைப்புக்குச் ‘சான்ஸ் பூல் ரஹீ ஹை’ எனத் தமிழெழுத்தில் எழுதி, எதிரே இந்தி எழுத்திலும் எழுதுங்கள். வாய் குழறினும் விரலால் சுட்டலாம். மறுபுறத்தில் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் கைப்பேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் குறியுங்கள். அறுவைச் சிகிச்சையாயின், எந்நேரம் முதல் உண்ணலாகாது என்பதை முன்னரே கேட்டறியுங்கள். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

புடவையை மறந்தால் மறுநாள் கொண்டுபோகலாம். இரவில் வேண்டிய சொல்லை மறுநாள் கொண்டுபோய்ப் பயனென்ன?